டிக்கியில் வைத்துப் பூட்டினால் போதாதா?

தக்கலையிலிருந்து வேலைக்காக அமெரிக்காவின் ஃப்ரீமாண்ட் நகரத்துக்கு வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, சனிக்கிழமை வாடகைக் காரில் குடும்பத்தோடு சான்பிரான்சிஸ்கோ சுற்றிப்பார்க்கப் போகிறோம். அங்கே கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவார்களாமே. பையை டிக்கியில் வைத்துப் பூட்டினால் போதாதா?"

போதாது தம்பி. நம்ம ஊரில் திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனால் பர்ஸ், போன், மாற்றுத்துணி எல்லாவற்றையும் காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாக இறங்குவோம். பூட்டிய கார் பத்திரமான இடம் என்ற அந்த நினைப்பை இங்கே முதலில் விட வேண்டும்.

திருடன் பெரிய கண்ணாடியைத் தேடுவதில்லை. பின்கதவை ஒட்டிய சின்னக் கண்ணாடியை உடைத்துக் கையை விடுவான். பின்சீட்டின் முதுகை மடக்கினால் டிக்கி முழுக்கக் கண்ணில் படும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அலாரம் அடித்தால் அடிக்கட்டும் என்று போய்விடுவான். வாடகைக் காரை அதன் ஜன்னலில் ஒட்டியிருக்கும் பார்கோடு காட்டிக்கொடுக்கும். சுற்றுலாப் பயணி என்றால் உள்ளே ஏதாவது இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து பையை வைக்கவே வைக்காதீர்கள். நீங்கள் வைப்பதைத் தூரத்திலிருந்து யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012இல், கல்யாணம் முடிந்து என் மனைவி இங்கே வந்த இரண்டாவது மாதம். காலையில் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனோம், அதனால் இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் பையில் இருந்தன. அப்படியே சான்பிரான்சிஸ்கோவில் பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற சுற்றுலா இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெருவில் காரை நிறுத்தினோம். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் சீட்டெல்லாம் கண்ணாடித் துண்டு. பாஸ்போர்ட், லேப்டாப், நண்பர் வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த அம்மா செய்த முந்திரிக்கொத்து, எல்லாம் போய்விட்டன.

லேப்டாப் போனது பணத்தோடு முடிந்தது. பாஸ்போர்ட் அப்படியில்லை. அதைப் புதிதாக வாங்கிவிடலாம், ஆனால் பழையதில் இருந்த அமெரிக்க விசா திரும்பி வராது. ஊருக்குப் போனால் சென்னையில் மறுபடி விசா வாங்கித்தான் திரும்ப முடியும். விடுமுறை நாட்களுக்குள் அது கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாததால் நாங்கள் கிளம்பவில்லை. குழித்துறையில் தங்கச்சி கல்யாணம் நடந்தபோது இங்கே நடுராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். என் மனைவி அன்று அழுதது இப்போதும் மனதில் இருக்கிறது.

அதனால் பாஸ்போர்ட் வீட்டிலேயே இருக்கட்டும். அமெரிக்காவுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப்பிரதியை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் சார்ஜர் வயர்கூடத் தெரியக் கூடாது. சீட்டில் ஒரு துண்டு கிடந்தாலும் அடியில் எதையோ மூடிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

அப்படியும் உடைத்துவிட்டால் காவல்துறையில் ஆன்லைனிலேயே புகார் பதியலாம். வாடகைக் கார் கம்பெனிக்கும் காப்பீட்டுக்கும் அந்தப் புகார் எண் வேண்டும். இன்னொன்று, கார் காப்பீடு கண்ணாடிக்குத்தான் உதவும், உள்ளே இருந்த பொருளுக்குக் கொடுக்காது. அதற்கு வாடகை வீட்டில் இருப்பவர்கள் தங்கள் பொருட்களுக்கு எடுக்கும் காப்பீடு (ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ்) இருக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள்.

இந்தத் திருட்டு முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்பதும் உண்மை. முன்பெல்லாம் கார் கதவு பூட்டியிருந்தது என்று நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். ஊர் சுற்ற வந்தவர் சாட்சி சொல்லத் திரும்பி வருவாரா? 2024இல் கலிபோர்னியாவில் புதுச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள், 2025 தொடக்கத்தில் அது அமலுக்கு வந்தது. ஆனாலும் அலமோ ஸ்கொயர், ட்வின் பீக்ஸ், ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் பக்கமெல்லாம் நான் இன்றும் வெறும் காரைத்தான் நிறுத்துகிறேன்.

என்னைக் கேட்டால் சனிக்கிழமை காரே வேண்டாம். ஃப்ரீமாண்ட்டிலிருந்து பார்ட் ரயில் நேராக நகரத்துக்குள் போகிறது, அங்கிருந்து பஸ் இருக்கிறது. குழந்தைக்கு ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள். ஃப்ரீமாண்ட்டில் வெயில் அடித்தாலும் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துப் பக்கம் பனிமூட்டமும் குளிர்காற்றுமாக இருக்கும்.