இறுதிச் சடங்கிற்குச் செலவிட்ட பணம் யாருடைய கணக்கு?

கேள்வி: எங்கள் தந்தை உயில் எழுதாமல் காலமானார். தாயாரும், நான், தம்பி, தங்கை என மூன்று பிள்ளைகளும் இருக்கிறோம். ஃப்ரீசர் பெட்டி, அமரர் ஊர்தி, பந்தல், மயானக் கட்டணம் ஆகியவற்றுக்கான 68,000 ரூபாயை நானே கொடுத்தேன். அப்பாவின் 4 லட்சம் ரூபாய் வைப்புத்தொகைக்குத் தம்பி நாமினி. "நாமினிக்கே பணம் சொந்தம், காரியச் செலவு மூத்தவன் கடமை" என்கிறான். அப்பா வாங்கிய தனிநபர் கடனில் பாக்கியுள்ள 1,20,000 ரூபாயை மகன்கள்தான் கட்ட வேண்டும் என்று வசூல் முகவர் மிரட்டுகிறார். ஏற்பாட்டாளரின் ரசீதில் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடப்பட்டுள்ளது. இவற்றில் எது சரி?

பதில்: கொள்ளி வைப்பது மூத்தவர் என்பது வழக்கம், செலவும் அவர் தலையில்தான் என்பது சட்டம் அல்ல. இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர் எதை முதலில் கொடுக்க வேண்டும் என்ற வரிசையை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வகுத்துள்ளது. அதன் 320ஆம் பிரிவின்படி, நியாயமான இறுதிச் சடங்குச் செலவும், இறப்புக்கு முந்தைய ஒரு மாத மருத்துவச் செலவு போன்றவையும் மற்றெல்லாக் கடன்களுக்கும் முன்பாகத் தீர்க்கப்பட வேண்டும். எது நியாயம் என்பது இறந்தவரின் நிலையைப் பொறுத்தது. ஆகவே பூப்பல்லக்கு, வாணவேடிக்கை, பதினாறாம் நாள் விருந்து என்று நீளும் செலவுகளைப் பங்காளிகள் ஆட்சேபித்தால் பதில் சொல்வது கடினம். உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. ரசீதுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, உரிமையாளர் அல்லர். காப்பீட்டுத் தொகை குறித்து 1984இலும், பங்குகள் குறித்து 2023இலும் உச்ச நீதிமன்றம் இதையே கூறியது. வங்கி வைப்புத்தொகைக்கும் இந்நிலைதான். ஒரு விலக்கு உண்டு: 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் குறித்திருந்தால் அத்தொகை பொதுவாக அவர்களுக்கே சேரும். தம்பி இதைக் கேள்விப்பட்டு வைப்புத்தொகைக்கும் பொருத்திப் பார்க்கிறார் போலும்.

மகன் என்பதாலேயே கடன் உங்கள்மீது ஏறாது. நீங்கள் இணைக்கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திடாத வரை, உங்கள் கைக்கு வந்த தந்தையின் சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. முகவரிடம் கடன் கணக்கு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேறு சொத்தும் கடனும் இல்லை, குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டால், 4,00,000 ரூபாயில் முதலில் உங்கள் 68,000, அடுத்து கடன் 1,20,000 கழிய, மிஞ்சும் 2,12,000 ரூபாய் தாயாருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தலா 53,000 எனப் பிரியும். திருமணமான தங்கைக்கும் அதே பங்குதான். அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் பங்கு ஐந்தாகும். இதற்கிடையில் அப்பாவின் ஏடிஎம் அட்டையை வைத்து அவர் கணக்கிலிருந்து யாரும் பணம் எடுக்க வேண்டாம். அவசரத்துக்கு எடுத்த சில ஆயிரம் பின்னாளில் பெரும் வழக்காகிவிடும்.

இனி ஜிஎஸ்டி. இறுதிச் சடங்கு, அடக்கம், எரியூட்டல், பிணவறை ஆகிய சேவைகளும் உடலைக் கொண்டுசெல்லும் சேவையும் 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையின்படி வரிக்கே உட்படாதவை. ஆனால் பந்தல், நாற்காலி வாடகை, வந்தவர்களுக்கான உணவு ஆகியவை அப்படி அல்ல. அவற்றுக்கு வரி இருக்கலாம். எனவே மொத்தத் தொகைக்கும் வரி போட்ட ரசீதை ஏற்காமல், இனவாரியாகப் பிரித்த ரசீதை எழுத்து மூலம் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.