இன்ஜின் 1,150 பவுண்டு, செயின் பிளாக் அரை டன்: தூக்கலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர் கேட்டிருக்கிறார்: "இன்ஜினை ஓவர்ஹாலுக்கு வெளியே எடுக்க வேண்டும். கையேட்டில் எடை 1,150 எல்பி என்று இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய செயின் பிளாக்கில் அரை டன் என்று பொறித்திருக்கிறது. நைலான் கயிற்றின் அட்டையில் 20 கிலோ நியூட்டன். செல்போனில் போட்டுப் பார்த்தால் கயிறு 2,039 கிலோ என்கிறது, இன்ஜின் 522 கிலோதான். அரை டன்னுக்குக் கொஞ்சம்தானே கூடுதல், தூக்கலாமா சார்? இன்னொன்று, மவுண்டிங் போல்ட்டுக்கு 60 அடி-பவுண்டு என்று போட்டிருக்கிறது. என் டார்க் ரெஞ்சில் கேஜி-மீட்டர்தான் இருக்கிறது."

தூக்க வேண்டாம். செயின் பிளாக்கும் (சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி) போதாது, கயிறும் போதாது. இத்தனைக்கும் உங்கள் செல்போன் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

முதலில் எடை. எல்பி என்பது பவுண்டு, நம் பெரியவர்கள் ராத்தல் என்பார்களே அதுதான். 1959-இல் ஆங்கிலம் பேசும் சில நாடுகள் கூடி ஒரு பவுண்டு 0.45359237 கிலோ என்று வரையறுத்துவிட்டன. (நகைக்கடைப் பவுனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது 8 கிராம்.) ஆக 1,150 பவுண்டு என்றால் 521.6 கிலோ. ஆனால் கையேடுகள் பெரும்பாலும் ஆயிலும் தண்ணீரும் இல்லாத வெற்று இன்ஜின் எடையைத்தான் சொல்லும். கியர்பாக்ஸ் அதில் சேர்த்தியா என்று பாருங்கள். கியர்பாக்ஸோடு தூக்கினால் 600 கிலோவைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது அந்த அரை டன். டன்னில் மூன்று வகை உண்டு. நாம் பழகிய மெட்ரிக் டன் 1,000 கிலோ. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டுதான், 907 கிலோ. பழைய இரும்புக் கடையில் வாங்கிய செயின் பிளாக் இதில் எந்த டன் என்று பொறிப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் அது தேவையும் இல்லை. அரை டன் என்பது 454, 500, 508 கிலோ, இந்த மூன்றில் எதுவானாலும் உங்கள் இன்ஜினுக்குக் குறைவு.

கயிற்றில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிலோ என்பது பொருளின் நிறை, நியூட்டன் என்பது இழுப்பு விசை. ஒரு கிலோவைப் பூமி இழுக்கும் விசை 9.80665 நியூட்டன் என்று 1901-லேயே சர்வதேச மாநாட்டில் நிர்ணயித்திருக்கிறார்கள். கடலூரில் உண்மையில் அது 9.78 சொச்சம், துருவப் பக்கம் போனால் 9.83. இந்த வித்தியாசம் இன்ஜின் தூக்குகிறவருக்குத் தேவையில்லை. 1 கிலோ நியூட்டன் என்றால் சுமார் 102 கிலோ இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ நியூட்டன் 2,039 கிலோ, சரிதான்.

ஆனால் எதற்கான 2,039? கயிற்று அட்டையில் போடுவது பொதுவாக அறுபடும் அளவு. புதுக் கயிற்றை எந்திரத்தில் மெதுவாக இழுத்து, அது அறுந்த இடத்தில் எழுதிய எண். ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுமை தூக்க அதை 7-ஆல் வகுக்க வேண்டும். 291 கிலோதான் வரும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு பாதி பலம் வரை இழக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பனாற்றில் மிதக்கிற படகு ஓர் அலைக்கு ஏறி இறங்கினால் கயிற்றில் விழும் வெட்டு இழுப்பு எந்த அட்டையிலும் இல்லை.

ஒரு டன் செயின் பிளாக் வாங்குங்கள். அமெரிக்க டன்னாகவே இருந்தாலும் 907 கிலோ தாங்கும். சோதனைச் சான்றோடு வாங்குங்கள், பழைய இரும்பு வேண்டாம். கயிற்றுக்குப் பதில் தூக்கும் பெல்ட். ஊதா நிறம் 1 டன், பச்சை 2 டன். உங்களுக்குப் பச்சையே நல்லது. அதில் எழுதியிருப்பது பாதுகாப்புக்கு ஏற்கெனவே வகுத்த எண், மறுபடி 7-ஆல் வகுக்க வேண்டாம்.

செல்போன் கையில் இல்லாதபோது பவுண்டைப் பாதியாக்கி அதில் பத்தில் ஒன்றைக் கழிப்பார்கள். 1,150-க்குப் பாதி 575, கழித்தால் 517. உண்மையைவிடக் கொஞ்சம் குறைவு. இது கயிறு, ஷாக்கில் (கயிற்றையும் சுமையையும் இணைக்கும் U வடிவ இரும்பு வளையம்) போன்றவை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நல்லது. தூக்கப்போகும் சுமைக்கு மட்டும் பாதியோடு நிறுத்திவிடுங்கள், 575 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுமையைக் கூட்டியும் தாங்கும் திறனைக் குறைத்தும் கணக்கிட்டால் தப்பு நடந்தாலும் நம் பக்கம்தான் நடக்கும்.

அப்புறம் போல்ட். டார்க் ரெஞ்ச் என்பது போல்ட்டை எவ்வளவு விசையோடு முறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர். அடி-பவுண்டை 7.23-ஆல் வகுத்தால் கேஜி-மீட்டர். 60-க்கு 8.3 வரும். நியூட்டன் மீட்டர் ரெஞ்சாக இருந்தால் 1.356-ஆல் பெருக்கி 81 வையுங்கள். நான் வேலை பழகிய பட்டறையில் அடி-பவுண்டு எண்ணை அப்படியே நியூட்டன் மீட்டரில் வைத்து நானே ஒரு பம்ப்பை முடுக்கியிருக்கிறேன். இறுக்கம் கால் பங்கு குறைந்துபோய் மூன்றாம் நாள் பம்ப் ஆட ஆரம்பித்தது. நல்லவேளை, அது தரையில் நின்ற பம்ப்.