உடைந்த பாகத்தோடு போங்கள்: கல்லூரியும் ஊர்த்தொழிலும், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோவை, ஈரோடு பக்கத்தவை. ஒரே மாதிரிக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன். பம்பு இம்பெல்லர்கள் மூன்று மாதமாக உடைந்து திரும்பி வருகின்றன. பக்கத்துக் கல்லூரியில் உலோகவியல் துறை இருக்கிறது. போனில் கேட்டேன், சரியான பதில் இல்லை. உண்மையில் உதவுவார்களா? (கணபதி, கோவை)

உதவுவார்கள். ஆனால் போனில் சொல்வதை வைத்து எந்தப் பேராசிரியராலும் எதுவும் சொல்ல முடியாது. உடைந்த பாகத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அதே ஹீட்டில், அதாவது ஒரே முறை உருக்கிய உலோகத்தில் ஊற்றி, உடையாமல் ஓடிக்கொண்டிருக்கும் பாகம் ஒன்று கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் காரணம் தெரியும். உடைந்த முகத்தைக் கழுவ வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். இரண்டு துண்டையும் பொருத்திப் பார்ப்பது நம் பட்டறைகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதைச் செய்தாலே உடைப்பு எங்கே தொடங்கியது என்ற தடயம் அழிந்துவிடும்.

கூடவே ஒரு அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள்: என்ன கிரேடு, எப்போது ஊற்றியது, எத்தனை ஊற்றியதில் எத்தனை உடைந்தது. தேதி போடுங்கள். கட்டணத்தையும் அறிக்கை கிடைக்கும் நாளையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பாகத்தைக் கொடுங்கள். உலோகச் சேர்மானம், கடினத்தன்மை, நுண்ணமைப்பு மூன்றையும் சோதிப்பது சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. பம்பே சரியாகத் தண்ணீர் தூக்குகிறதா என்று சோதிக்க வேண்டுமானால் கல்லூரிக்குப் போகாதீர்கள், அதற்கு நம் ஊரிலேயே சிட்டார்க் சோதனை மையம் இருக்கிறது. நூற்பாலைக்காரர்களுக்கு 1956-லிருந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது.

கல்லூரியில் உள்ள இன்குபேஷன் மையம் தொழில் தொடங்கக் கடன் தருமா? (சத்தியமங்கலம்)

கடன் தருவது வங்கி. மையம் தருவது இடம், இயந்திரம், வழிகாட்டல். மானியமோ ஆரம்ப முதலீடோ அரசுத் திட்டங்கள் வழியாக வரலாம், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நான் சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். உதவி செய்யும் நல்ல கல்லூரியின் பெயரும் முழு விவரமும் உடனே அனுப்பவும். (ஊர் குறிப்பிடவில்லை)

என்ன தொழில், எந்த ஊர், கையில் உள்ள அனுபவம் என்ன? ஒன்றையுமே எழுதவில்லை. இப்படி மாதம் பத்துக் கடிதம் வருகிறது. அரைப் பக்கம் எழுதக்கூட நேரம் ஒதுக்காதவருக்கு எந்தக் கல்லூரியும் உதவ முடியாது. எழுதி, தேதி போட்டு, மறுபடி அனுப்புங்கள். கட்டாயம் பதில் எழுதுகிறேன்.

தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வர நான்கு மாதம் இருக்கிறது. எங்கள் துறைக்கு 15 புரிந்துணர்வு ஒப்பந்தம் வேண்டும் என்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த கம்பெனிகளிடம் சொல்லி உதவ முடியுமா ஐயா? (நாமக்கல் மாவட்டம்)

முடியாது தம்பி. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, உங்களை இப்படி அலைய விடுபவர்கள் மேல்தான் கோபம்.

முன்பு ஒரு கல்லூரியில் தொழில்துறைத் தொடர்புக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். முதல் நாள் பீரோவைத் திறந்தால் நாற்பது ஒப்பந்தங்கள். எல்லாமே முத்திரைத்தாள், எல்லாவற்றிலும் சால்வை போடும் புகைப்படம். ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டுப் போயிருந்தார், அல்லது அப்படி ஒன்று போட்டதே நினைவில்லை என்றார். கல்லூரி மாணவன் ஒருவன் உள்ளே வந்து ஒரு வேலையைச் செய்து முடித்தான் என்று சொன்னவர்கள் மூன்று பேர். மீதி முப்பத்தேழு தாள்களுக்காக எத்தனை ஆசிரியர்கள் எத்தனை நாள் கம்பெனி வாசலில் காத்திருந்திருப்பார்கள்! அந்த நாட்களில் ஒரு பட்டறையின் ஒரு குறையையாவது தீர்த்திருக்கலாம்.

கோவையில் கல்லூரியும் தொழிலும் ஒன்றாக வளர்ந்தது தாளில் அல்ல. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-ல் வந்தது. அதன் தொழிற்கூடத்தில் பம்பும் மோட்டாரும் லேத்தும் விற்பனைக்கே செய்தார்கள். 1951-ல் பொறியியல் கல்லூரியை அந்தத் தொழிற்கூடத்தின் பக்கத்திலேயே வைத்தார்கள். படிக்கிற பையன் விலைக்குப் போகிற பொருள் உருவாவதைப் பார்த்தபடியே படித்தான். தன் கையில் தப்பான பாகம் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நாம் நகலெடுக்க வேண்டியது இதைத்தான்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பதினைந்தை விடுங்கள், இரண்டைப் பிடியுங்கள். உங்கள் பக்கத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் இருக்கின்றன, கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. ஒரு பட்டறைக்குப் போய் 'அண்ணா, இந்த மாதம் உங்களுக்குத் தலைவலி கொடுத்த வேலை எது?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அரைப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, அவரிடமே படித்துக் காட்டுங்கள். இரண்டு மாணவர்கள், ஒரு ஆசிரியர், மூன்று மாதம். வேலை முடிந்ததும் என்ன மாறியது என்று அவரையே ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு குறைந்தது, எத்தனை மணி நேரம் மிச்சம் என்று எண்ணோடு. ஒப்பந்தம் அதற்குப் பிறகு தானாக வரும். அந்தக் கடிதத்தையும் பழைய அளவையும் புதிய அளவையும் குழு முன் வையுங்கள். உங்கள் முதல்வர் சம்மதிக்கவில்லையென்றால் இந்தப் பதிலையே அவரிடம் காட்டுங்கள்.

கடைசி வருடப் புராஜெக்டில் தேங்காய் உரிக்கும் கருவி செய்திருக்கிறேன். காப்புரிமை எடுக்கலாமா? யூடியூபில் வீடியோ போட்டிருக்கிறேன், நல்ல வரவேற்பு. (பொள்ளாச்சி)

முதலில் விண்ணப்பம், பிறகுதான் வீடியோ. உலகமே பார்த்த பிறகு 'புதியது' என்று கோருவது மிகக் கடினம். வீடியோவில் காட்டாத பகுதி ஏதாவது இருந்தால் உடனே ஒரு காப்புரிமை முகவரைப் பாருங்கள். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். கல்லூரி பெயரில் போட்டால் 2021 திருத்தத்துக்குப் பிறகு பெரிய நிறுவனக் கட்டணத்தைவிட 80 சதவீதம் குறைவு. தனிநபருக்கும் அதே குறைந்த கட்டணம்தான். கல்லூரி பெயரில் போட்டால் உரிமை கல்லூரிக்குப் போகும். உங்கள் பங்கு என்ன என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பம் 'வெளியிடப்பட்டது' என்பதைக் 'காப்புரிமை கிடைத்தது' என்று கல்லூரி வாசலில் பேனர் வைக்கிறார்கள். இரண்டும் வேறு. பரிசோதனை முடிந்து வழங்கினால்தான் அது காப்புரிமை.

விவசாயப் பல்கலைக்கழகத்தால் சாதாரண விவசாயிக்கு என்ன பயன்? சம்பளச் செலவுதான். (அந்தியூர்)

கோபம் புரிகிறது, ஆனால் கணக்குத் தவறு. இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் கோவை வேளாண் கல்லூரி 1906-ல் வந்தது. அதை ஒட்டியே 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம். அங்கே கரும்பை நாணல் வகைக் காட்டுப் புல்லோடு ஒட்டுச்சேர்த்து எடுத்த கோ 205 ரகம் 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. வட இந்தியக் கரும்பு வயல்களை மாற்றியது கோவை ரகங்கள்தான். நம் பக்கத்து ஆராய்ச்சி முதலில் வேறு மாநிலத்துக்குப் பலன் கொடுத்தது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது விவசாயிகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையமே 1974-ல் நம் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில் தொடங்கியதுதான். 'நல்ல விதை கொடுங்கள்' என்று போகாதீர்கள். மண் மாதிரி, நோய் வந்த செடி வேரோடு, போன பட்டத்தில் போட்ட உரத்தின் பட்டியல், மூன்றையும் கொண்டுபோங்கள். பட்டியலில் தேதி இருக்கட்டும்.

எங்கள் ஊர்ப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கக் கல்லூரி உதவுமா? (கடிதத்தில் மலைக்கிராமம் என்று மட்டும்)

உதவும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் முன்னின்று விண்ணப்பித்து, 2019-ல் கிடைத்தது. குறியீடு கிடைத்தாலும் ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு 'விலை ஏறவில்லையே' என்கிறார்கள்.

கல்லூரி வந்ததால் எங்கள் ஊரில் நிலத்தின் விலை மட்டும்தான் ஏறியது. (பெருந்துறை பக்கம்)

உண்மைதான், பல ஊர்களில் இதுவே நிலை. நிர்வாகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விடுதிக்குப் பால், காய்கறி, அரிசி எங்கிருந்து வாங்குகிறீர்கள்? 2,000 பேர் விடுதியில் தலைக்கு 100 மில்லி பால் என்றாலே நாளைக்கு 200 லிட்டர். அதை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திடம் வாங்கினால் பணம் ஊரிலேயே சுற்றும். ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

12 பேர் வேலை செய்யும் சிறு பட்டறை. டிப்ளமோ முடித்த பையனைத் தொழில் பழகுநராக (அப்ரண்டிஸ்) எடுக்கலாமா? (சிட்கோ, குறிச்சி)

எடுக்கலாம். 30 பேருக்குக் கீழே கட்டாயமில்லை, விருப்பம்தான். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். இணையத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகே பையனை உள்ளே விடுங்கள். பிறகு பதிந்துகொள்ளலாம் என்று விட்டு, பணம் வராமல் எனக்குக் கடிதம் எழுதியவர்கள் இந்த வருடம் மட்டும் நான்கு பேர்.