பார்சலில் வராத மாப்பிள்ளை: இணையக் காதல் மோசடி பற்றிக் கேள்வி பதில்

வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், இணையத்தில் பணத்தை இழந்தவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுப்பதையும், அவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் சென்று வருவதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். காதல், திருமணம் என்ற பெயரில் நடக்கும் மோசடிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை): ஐயா, என் தோழி முனைவர் பட்டம் பெற்றவர். நேரில் பார்த்தே இராத ஒருவருக்குப் பதினொரு லட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். படித்தவர்கள் எப்படி இவ்வளவு எளிதாக ஏமாறுகிறார்கள்?

பதில்: எளிதாக ஏமாறுவதில்லை. மின்கட்டணம் பாக்கி என்று வரும் போலிக் குறுஞ்செய்தி ஐந்து நிமிட வேலை. இதுவோ மூன்று மாதம், ஆறு மாதம் பொறுமையாகச் செய்யப்படும் வேலை. திருமணத் தகவல் தளத்திலோ முகநூலிலோ அறிமுகமாகும் அந்த நபர், தளத்தின் கண்காணிப்பிலிருந்து விலகுவதற்காக இரண்டு மூன்று நாளில் பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிடுவார். அவர் கப்பல் பொறியாளராகவோ, போர்முனையில் இருக்கும் இராணுவ மருத்துவராகவோ, நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவராகவோ இருப்பார். நேரில் வர இயலாமையையும் வீடியோ அழைப்பு சரியாகக் கிடைக்காமையையும் கேட்காமலேயே விளக்கிவிடும் வேலைகள் இவை. காலையில் வணக்கம், மதியம் சாப்பிட்டாயா என்ற விசாரிப்பு, அம்மாவின் சர்க்கரைப் பரிசோதனை முடிவை மறக்காமல் கேட்கும் அக்கறை என்று நாள்கள் நகரும். முதல் சில வாரங்களில் பணப் பேச்சே வராது. "உறுதியாகும் வரை வீட்டில் சொல்லாதே, கண் பட்டுவிடும்" என்ற ஒரு சொல் மட்டும் இடையில் விழும்; அந்தச் சொல்லால் எச்சரிக்கக்கூடிய அத்தனை பேரும் வெளியே நிறுத்தப்பட்டு விடுகிறார்கள். பிறகு வரும் முதல் கோரிக்கை சிறியதாகவும், கேட்கவே கூசுவது போலவும் இருக்கும்.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்திடம் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இத்தகைய மோசடி குறித்து முறையிட்டார்கள். அவர்கள் இழந்தது 130 கோடி டாலர். அத்தனை பேரும் அறிவிலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்பு கணக்கில் ஏமாறாமல் காக்கலாம், தனிமையில் காப்பதில்லை.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர்): லண்டனில் மருத்துவராக இருப்பவர் எனக்குப் பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறார். டெல்லி விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து ஒரு பெண் அழைத்து 45,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. பார்சலும் இல்லை, மருத்துவரும் இல்லை. அழைத்த பெண் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர். நகை, கைக்கடிகாரம், ஐபோன் ஆகியவற்றை மேசையில் பரப்பி எடுத்த படமும் கூரியர் ரசீதும் உங்களுக்கு வந்திருக்கும். 45,000 கட்டியதும், பெட்டியைச் சோதித்தபோது உள்ளே பவுண்டு நோட்டுக் கட்டுகள் இருந்தன என்று அடுத்த அழைப்பு வரும். நோட்டுகளை மாற்றக் கட்டணம், கறுப்புப் பணம் அல்ல என்ற சான்றிதழுக்குக் கட்டணம், பிறகு வருமான வரி என்று தொகை ஏறும். மறுத்தால் இதுவரை கெஞ்சிய குரல் மிரட்டத் தொடங்கும். வெளிநாட்டுப் பணத்தைக் கடத்தியதாக உங்கள் மீதே வழக்கு வரும் என்பார்கள். பலர் பிற்பாதித் தொகையை ஆசையால் கட்டுவதில்லை, அச்சத்தால் கட்டுகிறார்கள்.

சுங்கத்துறை யாரையும் தொலைபேசியில் அழைத்துத் தனிநபர் வங்கிக் கணக்கில் வரி கட்டச் சொல்வதில்லை. 2019 நவம்பர் முதல் அத்துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இடப்படுகிறது. அதை மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அழைத்தவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு இணைப்பு துண்டிக்கப்படும்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): என்னிடம் அவள் ஒரு பைசா கேட்டதில்லை. கிரிப்டோ என்னும் மின்னணு நாணய வணிகம் கற்றுக் கொடுத்தாள். நானாகத்தான் முதலீடு செய்தேன். திரையில் 38 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் 20 விழுக்காடு வரியை முன்கூட்டிக் கட்டச் சொல்கிறார்கள். இதுவும் மோசடிதானா?

பதில்: ஆம், தம்பி. நீங்கள் பார்க்கும் செயலியும் அதில் ஏறி இறங்கும் விலைக் கோடும் அவர்களே தயாரித்தவை; அந்த 38 லட்சம் திரையில் தட்டச்சு செய்யப்பட்ட எண், அவ்வளவுதான். தொடக்கத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் எடுக்க விட்டிருப்பார்கள். அந்தச் சிறு தொகை உண்மையாகவே உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததால்தான் சேமிப்பையும், பிறகு தனிநபர் கடனையும் அதில் போட்டிருப்பீர்கள்.

சீனத்தில் இம்முறைக்குப் பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. எனக்கு நம் ஊர்க் கோயில் ஆடுதான் நினைவுக்கு வரும். மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அது உடலைச் சிலிர்த்ததும் சம்மதம் கிடைத்துவிட்டது என்பார்கள். "நீங்களாகத்தானே போட்டீர்கள்" என்று அவள் சொல்லப்போவதும், நீங்களே இப்போது சொல்லிக்கொண்டிருப்பதும் அந்தச் சம்மதத்தைத்தான். வரி என்று கேட்கும் தொகையைக் கட்டவேண்டாம். லாபத்துக்கான வரியை அரசுக்குக் கட்டுவது நீங்கள், செயலியின் வாடிக்கையாளர் சேவை அல்ல.

கேள்வி (அதே பொறியாளர்): அப்படியானால் எட்டு மாதம் என்னோடு பேசியது யார்?

பதில்: ஒருவரே பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. எழுதி வைத்த உரையாடல்களோடு முறைமாற்றி அமரும் பலர் ஒரே பெயரில் பேசுவது வழக்கம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தனியாகவும் சிறு குழுவாகவும் இயங்குபவர்கள் உண்டு. நைஜீரியாவில் அவர்களை 'யாஹூ பாய்ஸ்' என்று அழைக்கிறார்கள். முதலீட்டு வகையோ பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவில், மியான்மரின் மியாவாடி, கம்போடியாவின் சிகானூக்வில் போன்ற இடங்களில், மதில் சூழ்ந்த வளாகங்களிலிருந்து நடத்தப்படுகிறது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் இவ்வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியாவாடியில் சிக்கிய தமிழக இளைஞர்கள் பதின்மூன்று பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். உங்களிடம் அன்பாகப் பேசியவர், இலக்கை எட்டாவிட்டால் அடி வாங்கும் ஒருவராகவும் இருந்திருக்கலாம். இதைச் சொல்வது உங்கள் கோபத்தைத் தணிப்பதற்காக அல்ல, கேட்டீர்கள், சொல்கிறேன்.

கேள்வி (இல்லத்தரசி): வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்குமா?

பதில்: இருக்கும். முகத்தை அந்த நொடியிலேயே மாற்றிக் காட்டும் டீப்ஃபேக் மென்பொருளைக் கொண்டு காதல் மோசடி நடத்திய 27 பேரை ஹாங்காங் காவல்துறை 2024 அக்டோபரில் கைது செய்தது. அவர்கள் சுருட்டிய தொகை ஏறத்தாழ 4.6 கோடி அமெரிக்க டாலர். வீடியோ வந்தால் உண்மை என்ற பழைய அறிவுரையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

கேள்வி (மகள், சிங்கப்பூரிலிருந்து): அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு 64 வயது. யாரோ ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். மோசடி என்று சொன்னால் என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: இதற்கு என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் பதிலைத் தொடங்க வேண்டும். நான் மேலாளராக இருந்த கிளையில், கணவரை இழந்த ஒரு அம்மையார் நான்கு மாதங்களில் மூன்று வைப்புத்தொகைகளை முதிர்வுக்கு முன்பே உடைத்தார். ஏன் என்று கேட்டேன். வீட்டு மராமத்து என்றார். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். வங்கியில் கேட்டால் மராமத்து என்று சொல்லும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் மேசைக்கு எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்; இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

உங்கள் அப்பாவிடம் அந்தப் பெண் போலி என்று நிரூபிக்க முயல வேண்டாம். "உன் பிள்ளைகள் நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள்" என்று அவள் முன்பே சொல்லி வைத்திருப்பாள். நீங்கள் கோபப்படும் ஒவ்வொரு முறையும் அவள் வாக்கு பலிக்கிறது. அவள் எப்படிப்பட்டவள், என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள், அவர் மகிழ்ச்சியாகச் சொல்லட்டும். பிறகு, அடுத்த தொகையை அனுப்புமுன் ஒரே ஒரு வாரம் பொறுக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் தாமதமானால் காதலி எப்படி மாறுகிறாள் என்பதை அவரே பார்ப்பார். உங்கள் வாதத்தைவிட அது வலியது. இயன்றால் விடுப்பெடுத்து நேரில் வாருங்கள். அவள் நாளுக்குப் பத்து முறை விசாரிக்கிறாள் என்பதையும், நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை அழைத்தீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டுவதாக எண்ண வேண்டாம்.

நீங்கள் இருக்கும் நாட்டில், ஏமாறுவதை நம்ப மறுப்பவரின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் சட்டம் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லாததால், இங்கே பொறுமைதான் கருவி.

கேள்வி (தையல் தொழில் செய்பவர்): பணம் அனுப்பி மூன்று நாள் ஆகிறது. திரும்பக் கிடைக்குமா?

பதில்: இதைப் படித்து முடிக்கும்வரை காத்திராமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் முதலில் சென்ற கணக்கு யாரோ ஓர் ஏழையிடம் சில ஆயிரம் கொடுத்து வாடகைக்கு வாங்கியது. அங்கிருந்து பல கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம்மிலோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். எஞ்சியது எங்கே நிற்கிறதோ அங்கே முடக்குவதுதான் இந்த உதவி எண்ணின் வேலை. முதல் சில மணி நேரத்தில் அழைத்தவர்களுக்கே பெரும்பகுதி கிடைக்கிறது, மூன்று நாளுக்குப் பின் வாய்ப்பு குறைவு, ஆனாலும் அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை ஆகியவற்றை எழுதிவைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகளும் பொருந்தும். முடக்கப்பட்ட பணத்தைப் பெறப் பல வேளைகளில் நீதிமன்ற ஆணை தேவைப்படும்.

இன்னொன்று: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சில வாரங்களில் ஒரு 'வழக்கறிஞரோ' 'ஹேக்கரோ' உங்களைத் தேடி வருவார். ஏமாந்தவர்களின் பட்டியல் விலைக்குப் போகிறது. அவர் அதை வாங்கியவர்.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாதவர்): அந்தரங்கப் படங்களை உறவினர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறான்.

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் கேட்பது நிற்காது. மிரட்டலைத் திரைப்பிடிப்பு எடுத்துப் புகார் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற கட்டணமில்லாத சேவையில், படத்தை வெளியே அனுப்பாமலேயே அதன் கைரேகை போன்ற ஒரு குறியீட்டைப் பதியலாம்; ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்கள் அப்படம் பதிவேறாமல் தடுக்க அது உதவும். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள்.

கேள்வி (செவிலியர்): எட்டு மாதப் பழக்கத்தில் ஏழு லட்சம் போனது. அதைக்கூட மறந்துவிட்டேன். ஆனால் இன்னும் காலையில் எழுந்ததும் அவர் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எனக்கே என் மீது அருவருப்பாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு நடந்திருப்பது ஒரு சாவு. செத்தவர் இருந்ததே இல்லை என்பதால் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த மோனிகா விட்டி என்ற உளவியலாளர், இவர்கள் மீது பண இழப்பு, உறவின் இழப்பு என்று இரண்டு அடிகள் விழுகின்றன என்று எழுதியிருக்கிறார். பலருக்கு இரண்டாவதே ஆறுவதில்லை என்பதை நானும் பார்த்திருக்கிறேன். செய்தியை எதிர்பார்ப்பது எட்டு மாதம் பழக்கப்படுத்தப்பட்ட மனத்தின் வேலை. அதில் அருவருக்க ஒன்றுமில்லை.

வெட்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடிகர் பிராட் பிட் தன்னைக் காதலிப்பதாக நம்பி 8,30,000 யூரோவை இழந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் கதை 2025 ஜனவரியில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் அந்நடிகர் இருப்பதாகச் செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். இணையம் அப்பெண்ணை எள்ளி நகையாடிய வேகத்தில் அந்த நிகழ்ச்சியையே தொலைக்காட்சி திரும்பப் பெற நேர்ந்தது. மோசடிக்காரனை யாரும் கேலி செய்யவில்லை. இப்படித்தான் அடுத்த பெண் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறாள்.

தூக்கம் கெட்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கேள்வி (அதே செவிலியர்): படத்தில் இருப்பவர் உண்மையான ஒரு மருத்துவர் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு எழுதலாமா?

பதில்: படம் திருடப்பட்டு மோசடிக்குப் பயன்படுகிறது என்று இரண்டு வரியில் எழுதலாம், இப்படி எழுதும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். அவர் பதில் எழுதினால், எட்டு மாதம் கேட்ட குரல் அதில் இருக்காது. அதற்கு மனத்தைத் தயார் செய்த பிறகு அனுப்புங்கள். அந்தப் படங்களையும் உரையாடலையும் ஒரு பென் டிரைவில் பதிந்து புகார் மனுவோடு கொடுங்கள், ஒரு நகலைப் பீரோவில் வையுங்கள். கைப்பேசியிலிருந்து அவற்றை நீக்கும்போது உடன் ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லது.