மெத்தையில் மூத்திரம், மூலையில் மூன்று பெட்டி: வாங்குவோர் கேள்வி-பதில்

வீட்டில் ஒன்றுக்கு மேல் பூனை. வாங்கி வைத்த லிட்டர் பெட்டி, அதாவது பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி, காலியாகக் கிடக்கிறது. மெத்தையும் சோபாவும் துணிக்கூடையும் நனைகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தப் புகார்தான் என்பதால் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். எல்லாக் கடிதங்களையும் சுருக்கியிருக்கிறேன். பூனையின் மீசையை மட்டும் ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்த வாசகர் பொறுத்துக்கொள்ளவும்.

கே: மூன்று பூனைகள். ஆளுக்கொன்று என்று மூன்று பெட்டி வாங்கிக் குளியலறையில் வரிசையாக வைத்திருக்கிறேன். சண்டை சச்சரவு கிடையாது. ஆனாலும் சின்னவள் மட்டும் என் மெத்தையில் போகிறாள். நாலாவது பெட்டி வாங்கினால் தீருமா?

ப: வாங்குவதற்கு முன் இருக்கிற மூன்றையும் பிரித்து வையுங்கள். ஒட்டி ஒட்டி வைத்த மூன்று பெட்டி பூனையின் கணக்கில் ஒரே பெட்டிதான். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது வெவ்வேறு இடங்களில் இருக்கும் பெட்டிகளைப் பற்றி. ஒரு வழியை ஒருவன் மறித்தால் மற்றவளுக்கு வேறு வழி வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

சண்டை இல்லை என்கிறீர்கள். குளியலறை வாசலில் யார் படுத்திருக்கிறார்கள் என்று நாளைக்குக் கொஞ்சம் பாருங்கள். என் வீட்டில் பெரியவன் வாசலுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருப்பான். கண் பாதி மூடியிருக்கும், வால் நுனி மட்டும் அசையும். சின்னது இரண்டடி தள்ளி வந்து நிற்கும். எதையோ மறந்துபோனதுபோல் தரையை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். சீறல் இல்லை, அடி இல்லை. என்ன ஒற்றுமை என்று நான் போட்டோ வேறு எடுத்து வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் மெத்தை நனைந்திருக்கும். அவளைக் குறை சொல்ல முடியாது. மெத்தை உயரத்தில் இருக்கிறது, யார் எந்தப் பக்கம் வந்தாலும் தெரிகிறது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, உங்கள் வாசனையும் இருக்கிறது. பயந்த பூனைக்கு அதுதான் வீட்டிலேயே நல்ல பெட்டி.

ஒரு பெட்டியை உங்கள் படுக்கையறையிலேயே, இரண்டு பக்கமும் தப்பித்துப் போக வழியுள்ள இடத்தில் வையுங்கள். அப்புறமும் தீராவிட்டால் நாலாவதைப் பற்றிப் பேசலாம்.

கே: ஆண் பூனை, மூன்று வயது. புதுப் பூனை வந்ததிலிருந்து ஓயாமல் பெட்டியில் போய் உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. மன அழுத்தத்துக்கு என்று கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். எத்தனை நாளில் வேலை செய்யும்?

ப: இந்தப் பகுதி வெளியாகும்வரை காத்திருக்கும் கேள்வி இல்லை இது. கடிதத்தைப் படித்த கையோடு அந்த வாசகருக்குப் போன் செய்துவிட்டேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பாட்டிலைத் திறக்காதீர்கள், பூனையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

அடைப்பு இல்லாவிட்டாலும் மன அழுத்தமே பூனையின் மூத்திரப்பையைப் புண்ணாக்கிவிடும், கிருமி எதுவும் இல்லாமலே. பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளின் மூத்திரத் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த வகைதான். வலிக்கிற இடம் பெட்டி என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பூனை பெட்டியைத்தான் வெறுக்கும். ஆகவே பழக்கம் திடீரென்று மாறினால் முதல் செலவு டாக்டருக்கு. பெட்டி, மணல், மெஷின் எல்லாம் அப்புறம்.

கே: லாவெண்டர் மணம் போட்ட லிட்டர் மணல் வாங்கினேன். 'மனதை அமைதிப்படுத்தும்' என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. இரண்டு பூனையும் பெட்டிப் பக்கம் போக மறுக்கின்றன. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

ப: யாருடைய மனதை என்று பாக்கெட்டில் போட்டிருந்ததா?

இது என் பழைய எரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வீட்டுப் பூனைக்கு மணலும் சாம்பலும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1947-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர் தொழிற்கூடங்களில் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் போடும் களிமண் குருணையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலிருந்துதான் இந்த வியாபாரமே பிறந்தது. 1980-களில் பெண்டோனைட் களிமண் வந்தது, நனைந்த இடம் கட்டியாகி அள்ளி எறிய வசதியானது. இதுவரை நடந்ததெல்லாம் நியாயமான முன்னேற்றம். பிறகுதான் வாங்குகிறவருக்கு ஒரு மூக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பூ மணம், எலுமிச்சை மணம், மலைக்காற்று மணம். பூனையின் மோப்பம் நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. அதைக் கொண்டுபோய் ஒரு வாசனைத் திரவியக் கடையில் குந்தச் சொல்கிறோம்.

நானும் வாங்கினேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள், இரண்டு பெரிய மூட்டை. பெரியவன் பெட்டி விளிம்பில் முன்கால் இரண்டையும் ஊன்றி எட்டிப் பார்த்தான். ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்தான், சேற்றை மிதித்ததுபோல் உதறினான். நேராகப் போய்த் துவைத்து மடித்த துணியில் வேலையை முடித்தான். இலவச மூட்டை ஒரு வருஷம் பால்கனியில் கிடந்தது.

வாங்குவதென்றால் மணமில்லாத, பொடிசான, கட்டியாகும் ரகம் வாங்குங்கள். பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிப்பது அதுதான். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டி இருந்தால் கட்டியாகும் ரகம் வேண்டாம், குட்டி மணலைத் தின்னும். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம் போதும். 'நாற்றம் கட்டுப்படும்' என்று பாக்கெட்டில் இருந்தால் எதனால் என்று பொருள்பட்டியலில் பாருங்கள்; கரி என்றால் பரவாயில்லை, நறுமணம் என்றால் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். '30 நாள் வரும்' என்பதன் கீழே 'ஒரு பூனைக்கு' என்று எறும்பு எழுத்தில் இருக்கும். நாற்றத்துக்கு உண்மையான மருந்து நாளைக்கு இரண்டுமுறை அள்ளுவது. அதை எந்த பாக்கெட்டிலும் அடைத்து விற்க முடியாது என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

உங்கள் காசு விஷயம்: கடையை விடுங்கள். பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், ரசீது நாலையும் படமெடுத்து, 'அமைதிப்படுத்தும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்' என்று தயாரிப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். 'என் பூனைக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதினால் பதில் வராது. அவர்கள் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேளுங்கள்.

கே: மூடியுள்ள பெட்டியா, திறந்த பெட்டியா?

ப: பல பூனை உள்ள வீட்டில் திறந்தது. தினமும் சுத்தம் செய்தால் பெரும்பாலான பூனைகள் மூடியைப் பொருட்படுத்துவதில்லை என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது, அது சரி. ஆனால் ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் ஒருத்தி குந்தியிருக்க, வாசலில் இன்னொருவன் காத்திருந்தால் அவள் அடுத்தமுறை உள்ளே போவாளா? நான் ஓட்டு வீடு மாதிரிக் கூரை வைத்த பெட்டி வாங்கியவன். பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். இப்போது அதில் செருப்பு இருக்கிறது.

கே: 'எக்ஸ்ட்ரா லார்ஜ், 60 செ.மீ.' என்று பார்த்து ஆன்லைனில் பெட்டி வாங்கினேன். வந்ததை அளந்தால் உள்ளே 43 செ.மீ.தான். எங்கள் கிழப் பூனை பின்பக்கத்தை வெளியே நீட்டிக்கொண்டு போகிறது, எல்லாம் தரையில். அளவு சரிதான், விளிம்போடு சேர்த்து 60 என்று விற்றவர் வாதாடுகிறார்.

ப: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. பூனை விளிம்பிலா உட்காரப்போகிறது? பெட்டிக்குள் அளவுநாடா கிடக்கிற படமும், விற்பனைப் பக்கத்தின் படமும் சேர்த்து அனுப்பி, 'விவரிப்பும் பொருளும் ஒத்துப்போகவில்லை' என்று அதே வார்த்தைகளில் புகார் எழுதுங்கள். மனம் மாறியதால் திருப்பித் தருகிறேன் என்ற கட்டத்தில் தெரியாமல்கூட டிக் போட்டுவிடாதீர்கள், உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். விற்றவர் மசியாவிட்டால் விற்பனைத் தளத்துக்கும், கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் அதே படங்களை அனுப்புங்கள்.

அடுத்தமுறை கணக்கு இப்படி: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம், உள்ளளவில். கிழப் பூனை என்பதால் வாசல் விளிம்பும் தாழ்வாக இருக்க வேண்டும். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கினால் போதும். என் வீட்டில் அதிகம் உழைத்த பெட்டி அதுதான்.

கே: நாலு பூனைக்கு ஒரே மெஷின் போதும் என்ற விளம்பரம் பார்த்துத் தானே சுத்தம் செய்யும் பெட்டி வாங்கி, பழைய பெட்டிகளை அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரு பூனைதான் போகிறது. கையேட்டை இன்னும் பிரிக்கவில்லை.

ப: தம்பி, பிரியுங்கள். பூனைக்குக் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைவிட லேசான குட்டி உள்ளே இருப்பது சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். மோட்டாரை நிறுத்தி வைத்துச் சாதாரணப் பெட்டியாகச் சில வாரம் பழக்கும் முறையும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தானாக ஓட விடுவதற்கு முன் ஒரு பொம்மையை வாசலில் வைத்து மெஷின் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். பழைய பெட்டிகளைப் போல் நாலு மறுபடி வாங்குங்கள். மெஷின் உங்கள் கையைச் சுத்தமாக வைக்கும். நாலு பூனைக்கு அது ஒரே ஒரு வாசல்தான். ஓடுகிற பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுமா ஓடாதா என்று தெரியாததை நம்பி உட்கார்ந்ததற்கு நான் என்ன சொல்வது?

கே: பினாயில் ஊற்றித் துடைத்தும் அதே இடத்தில் போகின்றன.

ப: பினாயிலை நிறுத்துங்கள். பல பினாயில்களில் இருக்கும் ஃபீனாலைப் பூனையின் ஈரலால் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. மிதித்த பாதத்தை நக்கினால் விஷம். பிளீச்சும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சுப்புகை வரும். என்சைம் கலந்த கிளீனர் வாங்கி, இடம் நன்றாக ஊறும்படி ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம்வரை துடைக்காமல் விடுங்கள். ஊற்றிய மறுநிமிடம் துடைத்துவிட்டு 'ஏமாற்றிவிட்டான்' என்று எனக்கு எழுதுகிறவர்கள் அதிகம்.

கே: நாலில் எந்தப் பூனை என்றே தெரியவில்லை. கேமரா வாங்கலாமா?

ப: மலம் என்றால் நச்சில்லாத கிரேயானைச் சீவி ஒரு பூனையின் தீனியில் மட்டும் கலந்துவிடுங்கள், நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மூத்திரம் என்றால் டாக்டர் ஒரு பூனைக்கு ஃப்ளோரசீன் சாயம் கொடுப்பார், புற ஊதா டார்ச்சில் ஒளிரும். டார்ச் வாங்கினால் 365 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 395 போட்டதில் அறை முழுக்க ஊதாவாகத் தெரியும், கறை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது.

கே: பிளக்கில் செருகி வைக்கும் ஃபெரோமோன் டிஃப்யூசர் வேலை செய்யுமா?

ப: சில வீடுகளில். பூனை கன்னத்தை உரசும்போது விடும் வேதிப்பொருளின் செயற்கை நகலை அறையில் பரப்பும் கருவி அது. ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சோபாவுக்குப் பின்னால் செருகினால் சோபாதான் அமைதியாகும். பெட்டிகளைப் பிரித்து வைத்த பிறகும் பதற்றம் இருந்தால் வாங்கிப் பாருங்கள், முன்னால் வேண்டாம்.

கே: என் பூனை நின்றபடி, வால் நடுங்க, சுவரில் பீய்ச்சுகிறான். ஐந்து வகை மணல் மாற்றிவிட்டேன்.

ப: ஆறாவது வேண்டாம். அது பெட்டிக் கோளாறு இல்லை, எல்லைக்கு முத்திரை குத்துகிறான். கருத்தடை ஆகவில்லையென்றால் செய்யுங்கள்; ஆண் பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு அதோடு ஓய்ந்துவிடும். ஆகியிருந்தால் ஜன்னலுக்கு வெளியே வேறு பூனை வருகிறதா பாருங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைக்க ஒரு காகிதம் போதும்.

கே: ஒரு வாரத்தில் சரிசெய்கிறேன் என்று உத்தரவாதம் கொடுத்து, முழுக் கட்டணமும் முன்பணமாக வாங்கிக்கொண்டார் ஒரு 'பூனை மனநல நிபுணர்'. தவறு செய்யும்போது தண்ணீர் பீய்ச்சச் சொன்னார், அலாரம் ஒன்றையும் விற்றார். இப்போது இரண்டு பூனைகள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவதில்லை. போன் எடுப்பதில்லை அவர்.

ப: படித்துவிட்டு வயிறு எரிந்தது. பணத்தையும் வாங்கிக்கொண்டு பூனைகளின் பயத்தையும் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பயத்தால் வந்த பழக்கத்தைப் பயமுறுத்தி நிறுத்த முடியாது. அலாரத்தை இன்றே கழற்றுங்கள். ஒரு வாரம் என்று அவர் எழுதிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்; உத்தரவாதம் எழுத்தில் இருப்பதுதான் உங்கள் பலம். கெடு தேதி போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், பிறகு நுகர்வோர் புகார். ஒழுங்கான ஆள் முதலில் டாக்டர் பார்த்தாரா என்று கேட்பார். பெட்டி எங்கே, தண்ணீர் எங்கே, யார் எங்கே தூங்குகிறார்கள் என்று வீட்டின் வரைபடம் கேட்பார். வாரக் கணக்கில் வாக்குக் கொடுக்க மாட்டார். கட்டிலுக்கு அடியில் இருப்பவர்களை இழுக்காதீர்கள். பெட்டியையும் தண்ணீரையும் அந்த அறைக்கே கொண்டுபோங்கள்.

கே: மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. நாலாவதாகச் சாதுவான ஒரு பூனை வாங்கி விட்டால் சமாதானம் ஆகிவிடுமா?

ப: ஆகாது. பெட்டி ஐந்தாகும்.