ஜமாஅத் கூப்பிட்டுக் கசையடி கொடுக்க முடியுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தாய் வீட்டில் இருக்கிறேன். கணவர் பொள்ளாச்சிக்காரர். நிகாஹ் ஆகி ஒன்பது வருடம், ஒரு பெண் குழந்தை. எனக்குப் பக்கத்துக் கடைக்காரரோடு தொடர்பு என்று கணவர் இங்குள்ள மஹல்லு கமிட்டியில் (பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிர்வாகக் குழு) எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய். 'ஷரீஅத்படி நூறு கசையடி, ஐம்பதாயிரம் அபராதம், மஹர் கிடையாது' என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். காகிதம் மலையாளத்தில் இருக்கிறது, எனக்குப் பேச வரும், படிக்க வராது. போலீஸ் கைது செய்யுமா? எனக்கு என்ன தண்டனை?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'வந்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து' என்பார்கள். அதில் பெரும்பாலும் இரண்டு வரி ஒளிந்திருக்கும். ஒன்று, தவறை ஒப்புக்கொண்டதாக. இன்னொன்று, மஹரை (நிகாஹில் கணவர் மனைவிக்குத் தரக் கடமைப்பட்ட பணமோ நகையோ) விட்டுக்கொடுத்து நீங்களே குலா (மனைவி கேட்டு வாங்கும் மணமுறிவு) கேட்டதாக. முதல் வரி ஜீவனாம்ச வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும், இரண்டாவது உங்கள் பணத்தைக் கொண்டுபோகும். நோட்டீஸ் என்று எதையாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால், 'பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளதை ஏற்கவில்லை' என்று தமிழில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, உடனே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. திருமணத்துக்கு வெளியே உறவு என்பது இந்தியாவில் இன்று குற்றமே இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. அந்தப் பிரிவு இருந்த காலத்திலும் மனைவிக்குத் தண்டனை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஷரீஅத் சட்டம் 1937 திருமணம், தலாக், மஹர், ஜீவனாம்சம், வாரிசுரிமை போன்ற குடும்ப விஷயங்களுக்குத்தான் பொருந்தும். குற்றத்துக்கும் தண்டனைக்கும் அதில் இடமில்லை.

ஜமாஅத் சமரசம் பேசலாம், தண்டிக்க முடியாது. ஃபத்வா (மார்க்க அறிஞர் சொல்லும் தீர்ப்பு) யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் சொல்லிவிட்டது. மீறி ஒரு அடி விழுந்தாலும் அது காயம் ஏற்படுத்திய குற்றம், நியாய சன்ஹிதாவின் பிரிவு 115. பூட்டி வைத்தால் 127. மிரட்டி அபராதம் பறித்தால் 308.

அவர்கள் பேசும் ஷரீஅத்தையே எடுத்துக்கொள்வோம். நூறு கசையடி குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம், சூரத்துந் நூரில், இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. நான்காம் வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்தினிப் பெண் மீது பழி சொல்லி நான்கு சாட்சி கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி, அவர் சாட்சியம் அதன்பின் செல்லாது. சாட்சிகள் செயலையே கண்ணால் பார்த்திருக்க வேண்டும். 'கடையில் நின்று பேசினாள்' என்பது சாட்சி ஆகாது. பழி சொல்பவர் கணவராக இருந்து, அவரைத் தவிர வேறு சாட்சி இல்லையென்றால், 6 முதல் 9 வரையிலான வசனங்கள் லிஆன் என்ற வழியைச் சொல்கின்றன. கணவர் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாவதாகத் தான் பொய்யன் என்றால் தன்மீது சாபம் வரட்டும் என்கிறார். மனைவியும் அதுபோலச் சத்தியம் செய்து மறுத்தால் அவளுக்குத் தண்டனை இல்லை. இந்தத் தண்டனை எதையும் நிறைவேற்றுவது ஆட்சி நியமித்த காழியின் (நீதிபதியின்) வேலை, மஹல்லு கமிட்டியின் வேலை அல்ல என்பதே ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களின் பொதுவான நிலை. ஒரு பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி இந்த இரண்டாம் வசனத்தை மட்டும் வாசிப்பது பெரிய அநியாயம்.

இதே லிஆன் இந்தியாவில் உங்களுக்கு உரிமையாக இருக்கிறது. கணவர் பொய்யாகப் பழி சுமத்தினால், 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி மனைவி நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்கலாம். அவர் கமிட்டிக்குக் கொடுத்த மனுதான் உங்கள் முதல் சாட்சி. அதன் நகலை ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் கேளுங்கள். தரவில்லையென்றால் நீதிமன்றம் வரவழைக்கும். ஒரு சிக்கல் உண்டு. விசாரணை முடிவதற்குள் கணவர் நிபந்தனை இல்லாமல், உண்மையாகவே பழியை வாபஸ் வாங்கினால் அந்தக் காரணம் விழுந்துவிடும். அதனால் லிஆனை மட்டும் நம்பி வழக்குப் போடக் கூடாது. கொடுமை, இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காதது என்று உண்மையாக இருக்கும் காரணங்களையும் அதே மனுவில் சேர்க்க வேண்டும். பழி உண்மையாக இருந்தால் லிஆன் வழக்கு நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஹர் கடன். சேர்ந்து வாழ்ந்த திருமணத்தில் முழு மஹரும் உறுதியாகிவிடும், பழி சொன்னதால் போகாது. நிகாஹ் பதிவேட்டின் நகலில் எத்தனை பவன் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஜீவனாம்சம் கேட்கக் கணவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-ஆம் பிரிவின் கீழ், நீங்கள் இருக்கும் பாலக்காடு மாவட்டத்தின் குடும்ப நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். மகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'தகாத உறவில் வாழும்' மனைவிக்குக் கிடையாது என்று கணவர் தரப்பு வாதிடும். 'வாழும்' என்பது தொடர்ந்து வாழ்வது, எப்போதோ ஒருமுறை நடந்தது என்பதல்ல. நிரூபிக்க வேண்டியது அவர். கமிட்டிக் காகிதத்தில் உங்கள் ஒப்புதலை வாங்கத் துடிப்பது இதற்காகவும் இருக்கலாம்.

கோபத்தில் அவர் வாட்ஸ்அப்பில் முத்தலாக் அனுப்பினால் அது செல்லாது, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. அந்த மெசேஜை வந்த போனிலேயே வைத்திருங்கள். வேறு போனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தால் சான்றாகக் காட்டுவது கஷ்டம்.

மிரட்டல் வந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். மிரட்டியவர் பொள்ளாச்சியில் இருந்தாலும் கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்றால், பி.என்.எஸ்.எஸ். 173-இன்படி எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்று சொல்லுங்கள். புகாரைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். யார், எந்தத் தேதியில், எந்த வார்த்தையில் மிரட்டினார் என்று அதில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் வெளியே வராதீர்கள்.