வாசகர் கேள்வி – பதில்: இறுகிப்போன பிரேக் கேலிப்பர்

கேள்வி: எங்கள் வீட்டில் 1990-களில் வாங்கிய மாருதி ஜிப்ஸி ஒன்று உள்ளது. மலையடிவாரத் தோட்டத்துக் கொட்டகையில் நெடுங்காலம் நின்றிருந்த அதை இப்போது மீண்டும் ஓட்டத் தொடங்கியிருக்கிறோம். சிறிது தூரம் சென்றதும் முன்பக்க இடது சக்கரம் தொட முடியாதபடி சுடுகிறது. வண்டியும் இடப்புறமாக இழுக்கிறது. கேலிப்பரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரித்துச் சரிசெய்ய முடியாதா?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் கோளாறு கேலிப்பரில்தான் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டை இருபுறமும் உராய்வுப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, பிரேக்கை ஒருமுறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலவில்லை என்றால் கேலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) சற்றே தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரமும் உடனே இளகினால், அழுத்தம் திரும்பிப் போக வழியின்றித் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பதால், கேலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும், உட்புறம் உப்பி அடைத்துக்கொண்ட ரப்பர் ஹோஸைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நிப்பிளைத் தளர்த்திய பின்னும் சக்கரம் இளகாவிட்டால் மட்டுமே கேலிப்பரில் கை வையுங்கள்.

ஜிப்ஸியின் முன்பிரேக்கில் ஒற்றைப் பிஸ்டன் (ஆயிலின் அழுத்தத்தால் நகரும் உருளை) உள்பேடைத் தள்ள, கேலிப்பரின் உடல் ‘பின்’ எனும் வழிகாட்டிக் கம்பிகளின் மீது நகர்ந்து வெளிப்பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது. ஆகவே இறுகியது பிஸ்டனாகவும் இருக்கலாம், பின்களாகவும் இருக்கலாம். வெளிப்பேடைவிட உள்பேட் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் பின்களைப் பாருங்கள்.

பிஸ்டனை எடுக்கப் பஞ்சர் கடைக் காற்றை நாட வேண்டாம். அடைபட்ட காற்று விரிந்து பிஸ்டனை விரல் நசுங்கும் வேகத்தில் எறிந்துவிடும். ஹோஸைக் கழற்றும் முன்பே பேடுகளை மட்டும் எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, வேறொருவரைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். ஆயிலின் அழுத்தம் கம்ப்ரசருடையதைவிட மிக அதிகம். ஆயினும் ஆயில் காற்றைப்போல் விரியாததால் பிஸ்டன் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும்.

பிஸ்டன் நகரும் சிலிண்டரின் சுவரில் துருப்புள்ளிகளைக் கண்டதும் நல்ல கேலிப்பரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது. ரப்பர் வளையமான சீல், சுவரில் வெட்டிய காடிக்குள் அமர்ந்து பிஸ்டனின் மேற்பரப்பைக் கவ்வி நிற்கிறது. ஆயில் கசியாமல் காப்பது அந்தப் பரப்பின் வழவழப்புதான். ஆகையால் சுவரில் சிறு குழிகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பிஸ்டனின் குரோம் பூச்சு உரிந்திருந்தாலோ குழிவிழுந்திருந்தாலோ புதிய பிஸ்டன்தான் போட வேண்டும், உப்புத்தாள் தேய்த்து ஒப்பேற்றக் கூடாது. அடுத்து காடியைப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், நின்றே கிடக்கும் வண்டியில் அந்த ஈரம் காடியின் அடியில் துருவாகப் படிந்து, சீலைப் பிஸ்டனோடு நெருக்கிவிடுகிறது. மிதித்த காலை எடுத்ததும் பிஸ்டனைச் சற்றே பின்னிழுப்பதும் இதே சீல்தான் என்பதால், காடியில் துரு மிச்சமிருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. காடியின் விளிம்பு கீறாமல் பொறுமையாகச் சுரண்டியெடுங்கள்.

கழுவுவதற்குப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. அவை பட்டால் ரப்பர் உப்பிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ புதிய பிரேக் ஆயிலோ போதும். புதிய சீலையும் பிஸ்டனையும் புது ஆயிலில் நனைத்து, கோணாமல் கையாலேயே அழுத்தி இறக்குங்கள். தூசி தடுக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட்டும் புதிதாக இருக்கட்டும். பின்களுக்குப் பிரேக்குக்கென விற்கும் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே உகந்தது. இதே வேலையை வலப்பக்கத்திலும் செய்து, பிறகு பிரேக் அமைப்பு முழுவதிலும் தங்கிய காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியாக நின்ற பிறகே சாலைக்கு எடுங்கள்.

கேள்வி: ஏலகிரியிலிருந்து இறங்கும்போது எங்கள் பழைய ஜீப்பின் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. கீழே வந்து சிறிது நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது. இது கேலிப்பர் கோளாறா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: ஆயில் கொதித்து ஆவியாவதன் அறிகுறி இது. பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். 14 கொண்டையூசி வளைவுகளிலும் பிரேக்கையே நம்பி இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஒரு கேலிப்பர் விடாமல் உரசிக்கொண்டிருந்தால் இன்னும் விரைவில் வரும். ஆகவே நான்கு சக்கரங்களும் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஆயில் முழுவதையும் மாற்றுங்கள். டாட் 4 போட்டால் வரம்பு 230 டிகிரிக்கு உயரும். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. ஆறியதும் பெடல் கெட்டியாவதைக் கண்டு கோளாறு நீங்கியதாக எண்ணிவிடாதீர்கள். ஆயிலை மாற்றும்வரை அந்த வண்டியில் மலையேற வேண்டாம்.